விடை தெரிந்தபின் எளிது

விடுகதை போடும் பாட்டியிடம் விடையைக் கேட்டுவிட்டு, "இதுதானா? எனக்கு முன்பே தெரியுமே!" என்று சொல்லாத சிறுவர் உண்டோ? ஒரு நொடிக்கு முன்வரை விழித்துக்கொண்டிருந்ததை அவர்கள் அக்கணமே மறந்துவிடுகின்றனர். அவர்கள் பொய் சொல்வதாகக் கொள்ளல் ஆகாது. விடையை அறிந்துவிட்ட மனம், அறியாதிருந்த தன் பழைய நிலைக்குத் திரும்ப இயலாமல் நிற்கிறது, அவ்வளவே. இந்தச் சிறிய உண்மையின்மேல்தான் காப்புரிமைச் சட்டத்தின் மிகக் கடினமான கேள்வி நிற்கிறது. ஓர் ஆய்வாளன் புதியது ஒன்றைச் செய்து காட்டுகிறான். அதைப் பரிசீலிக்கும் அதிகாரியோ, "இது துறை அறிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே" என்று மறுத்துவிடுகிறார். இருவரில் யார் சொல்வது சரி?

இக்கேள்வியை நான் நூலில் படித்துக் கற்கவில்லை. 2023-இல் எங்கள் பாலிமர் ஆய்வுக்கூடத்தின் விண்ணப்பம் ஒன்று இதே காரணத்தால் மறுக்கப்பட்டபோதுதான் கற்றேன். நம் சங்கத்து நண்பர்களில் பலர் வேதியியலிலும் பொறியியலிலும் ஆய்வு செய்பவர்கள். இன்று இல்லாவிடினும் நாளை அவர்கள் கைக்கும் அத்தகைய ஆணை ஒன்று வந்து சேரலாம். ஆகவே நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் கேட்பது என்ன?

நம் நாட்டில் இன்று நடைமுறையில் இருப்பது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். காப்புரிமை வேண்டுவோரிடம் அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது. செய்தது புதியதா? அதில் புதுப்புனைவுப் படி ஒன்று உண்டா? தொழிலில் பயன்படுமா? முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடை காண்பது பெரும்பாலும் கடினமன்று. இடையில் நிற்கும் இரண்டாவதே ஆளை வீழ்த்துவது.

புதுப்புனைவுப் படி என்றால் என்ன? முன்பே அறியப்பட்டதைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதாரச் சிறப்போ, இரண்டுமோ இருத்தல் வேண்டும். அத்துடன், அத்துறையில் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு அஃது எளிதில் தோன்றாததாகவும் இருத்தல் வேண்டும். இங்கே 'துறை தேர்ந்தவர்' என்று சட்டம் சொல்பவர் கற்பனை மனிதர். விண்ணப்ப நாளுக்கு முன் அத்துறையில் வெளியான கட்டுரை, நூல், காப்புரிமை அனைத்தும் அவருக்குத் தெரியும், கைப்பழக்கமும் உண்டு, ஆனால் புதியது புனையும் பொறி மட்டும் அவரிடம் இல்லை. அவருக்குத் தோன்றியிருக்குமா என்பதே கேள்வி. நோபல் பரிசு பெற்றவரையும் இங்கே அளவுகோலாகக் கொள்ளுவதில்லை. முதலாண்டு மாணவரையும் கொள்ளுவதில்லை.

இதற்கு நம் உச்ச நீதிமன்றம் 1978-இல் அளித்த தீர்ப்பு இன்றும் அடிக்கல்லாக விளங்குகிறது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்னும் நிறுவனத்துக்கும் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்டிரீஸ் நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கு அது. பாத்திரங்களைக் கடைசல் எந்திரத்தில் பிடித்து நிறுத்தும் கருவி ஒன்றைப் பற்றியது. பட்டறையில் வேலை தெரிந்தவர் தம் பழக்கத்தாலேயே செய்துவிடக்கூடிய திருத்தம் புதுப்புனைவு ஆகாது என்று கூறி, அந்தக் காப்புரிமை செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தது. நியாயமான கொள்கைதான். அன்றாடத் திருத்தங்களுக்கெல்லாம் இருபது ஆண்டு தனியுரிமை கொடுத்தால் பட்டறைகள் எப்படி நடக்கும்?

பாலிமரில் ஏன் இந்தத் தொல்லை?

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கண்ணிகளாகக் கோத்த சங்கிலி. கண்ணியை மாற்றலாம், இரண்டு வகைக் கண்ணிகளைக் கலந்து கோக்கலாம், சங்கிலியின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், இரண்டு பாலிமர்களை உருக்கிக் கலக்கலாம். மூலப்பொருள்கள் ஓர் அலமாரிக்குள் அடங்கும், சேர்க்கைகளுக்கோ கணக்கில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றை யாரோ ஒருவர் எங்கோ ஒரு கட்டுரையில் ஒரு வரியாவது குறிப்பிட்டிருப்பார். ஆகவே, "முதல் ஆவணத்தில் இது உள்ளது, இரண்டாம் ஆவணத்தில் அது உள்ளது, இரண்டையும் சேர்த்தால் உங்களுடையது" என்று சொல்வது மிக எளிது.

மேலும், பல பண்புகளை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசுக்குக் கீழே கண்ணாடிபோல் விறைத்துவிடும். பாலிபியூட்டைல் அக்ரிலேட் விறைப்பதற்கோ ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழே 54 டிகிரி வரை குளிரவேண்டும். இவ்விரண்டின் கண்ணிகளையும் எடையில் சரிபாதியாகக் கலந்து ஒரே சங்கிலியாகக் கோத்தால் எந்த வெப்பநிலையில் விறைக்கும்? ஃபாக்ஸ் என்னும் அறிஞர் 1956-இல் தந்த சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 3 டிகிரி என்று வருகிறது. நீங்கள் செய்து பார்த்து அதே 3 டிகிரியைப் பெற்றால், பொருள் புதியதாக இருப்பினும் அதில் வியப்பு ஒன்றும் இல்லை. துறை தேர்ந்தவர் தாளில் போட்ட கணக்கை நீங்கள் குடுவையில் போட்டீர்கள். கணக்கு ஒன்று சொல்ல, பொருள் வேறொன்று சொன்னால்தான் புதுப்புனைவுக்கு வழி பிறக்கும்.

இன்னொரு செய்தியையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2005-க்கு முன் நம் நாட்டில் வேதியியல் முறையால் ஆக்கப்படும் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. ஆக்கும் முறைக்கு மட்டுமே உண்டு. 2005-இல் வந்த திருத்தம் பொருளுக்கும் கதவைத் திறந்தது. ஆயினும் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வாயிலில் காவல் நிற்கிறது. அறிந்த பொருள்களை வெறுமே கலந்து, அவற்றின் பண்புகளின் கூட்டுத்தொகையை மட்டும் பெற்றால் அது புதுப்புனைவு ஆகாது என்பது அதன் உட்பிரிவுகளில் ஒன்று. பாலிமர்க் கலவை செய்வோர் இதைக் கருத்திற் கொள்ளாமல் விண்ணப்பம் எழுதலாகாது.

டெரிலீன் தரும் பாடம்

நம் பாட்டனார் காலத்தில் கௌரவச் சின்னமாக விளங்கிய டெரிலீன் சட்டையை எண்ணிப் பாருங்கள். நைலானைக் கண்ட அமெரிக்க அறிஞர் காரதர்ஸ் 1930-களின் தொடக்கத்தில் பாலியெஸ்டர்களையே முதலில் ஆராய்ந்தார். அவர் செய்தவை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிட்டன. துணிக்கு ஆகா என்று அவற்றை விட்டுவிட்டுப் பாலியமைடுகளுக்குச் சென்றார். அங்கே நைலான் கிடைத்தது. 1941-இல் இங்கிலாந்தில் காலிகோ பிரிண்டர்ஸ் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் டெரிப்தாலிக் அமிலத்தை எத்திலீன் கிளைக்காலோடு சேர்த்தனர். ஏறத்தாழ 260 டிகிரியில் உருகும் உறுதியான நூல் பிறந்தது. இன்று நாம் தண்ணீர் குடிக்கும் பெட் புட்டியும் அதே பொருள்தான்.

இப்போது விடை தெரிந்தவர்போல் பேசிப் பார்ப்போம். பாலியெஸ்டர் அறிந்ததே. பென்சீன் வளையம் உள்ள தாலிக் அமிலமும் பிசின் தொழிலில் பழகியதே. அதன் இரண்டு அமிலக் கைகளும் அருகருகே இருப்பதற்குப் பதில் எதிரெதிரே இருக்கும் உடன்பிறப்பை எடுத்துக்கொண்டால் சங்கிலி நேராக நிற்கும், விறைப்பாகும், உருகுநிலை உயரும். எவ்வளவு எளிது! எளிதுதான், ஆனால் பாலியெஸ்டரைத் துருவி ஆராய்ந்த காரதர்ஸ் குழு அந்தப் பக்கம் செல்லவில்லை. இடையில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஓடின. விடை தெரிந்தபின் பின்னோக்கி நடப்பது வேறு. தெரியாமல் முன்னோக்கி நடப்பது வேறு.

எங்கள் விண்ணப்பம்

நாங்கள் செய்தது அவ்வளவு பெரிய காரியம் அன்று. பாலிலாக்டிக் அமிலம் என்பது சோளம், கரும்பு முதலியவற்றின் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் பிளாஸ்டிக். மக்கும் தன்மையுடையது, ஆனால் அப்பளம்போல் நொறுங்கும். நெகிழ்ச்சி மிக்க பாலிகாப்ரோலாக்டோனை அதில் கலந்தால் நொறுங்குதல் குறையும் என்பது பலரும் அறிந்தது. ஆனால் இரண்டும் எண்ணெயும் நீரும்போல் ஒட்டாமல் நிற்கும். அவற்றை ஒட்டவைக்க, இரு பக்கமும் பிணையக்கூடிய இணைப்பான் ஒன்று வேண்டும். நாங்கள் அந்த இணைப்பானை முதலில் பாலிகாப்ரோலாக்டோனுடன் மட்டும் உருக்கிப் பிணைத்து, அதன்பின் பாலிலாக்டிக் அமிலத்தில் சேர்த்தோம். அதனால் பட்டை நொறுங்காமல் நீண்டது.

விண்ணப்பத்தில் இரண்டு கோரிக்கைகள் வைத்தோம். ஒன்று அந்தக் கலவைக்கு. மற்றொன்று அந்த வரிசையில் கலக்கும் முறைக்கு. பரிசீலனை அறிக்கை வந்தது, மறுமொழி எழுதினோம், நேர்முக விசாரணையும் நடந்தது. முடிவில் வந்த ஆணையோ மறுப்பு. முதல் ஆவணத்தில் இக்கலவை உள்ளது, இரண்டாம் ஆவணத்தில் இவ்விணைப்பான் உள்ளது, இரண்டையும் சேர்ப்பது துறை தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றும் என்று இரண்டே வரிகளில் முடிந்திருந்தது.

என் மூத்த ஆய்வாளருக்கு நான்காண்டு உழைப்பு அது. அன்று மாலை அவர் தேநீர்க் கடைக்கும் வரவில்லை. நான் கோபத்தோடு பேராசிரியரிடம் சென்றேன். அவர் ஆணையை இருமுறை படித்துவிட்டு, "நமக்கு வருத்தம் நேர்ந்ததா, அநீதி நேர்ந்ததா? முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்" என்றார்.

மேல்முறையீட்டின் வழி

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் வரும் வழக்கறிஞர் ஒருவரை நான் அறிவேன். அவரிடம் ஆணையை எடுத்துச் சென்றேன். "தம்பி, முதலில் ஆணையின் தேதியைப் பார்" என்றார். மறுப்பாணையை எதிர்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. வெளிப்படையான பிழை ஏதேனும் இருப்பின், அதே அலுவலகத்தில் ஒரு மாதத்துக்குள் மறு ஆய்வு வேண்டலாம். அல்லது, சட்டத்தின் 117ஏ பிரிவின்படி, ஆணை தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். முன்பு அத்தகைய மேல்முறையீடுகளை அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கேட்டது. 2021-இல் அவ்வாரியம் கலைக்கப்பட்டபின் உயர் நீதிமன்றமே கேட்கிறது. தில்லி உயர் நீதிமன்றம் 2021-இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2023-இலும் இதற்கெனத் தனிப் பிரிவுகளை அமைத்தன.

"ஐயா, எங்கள் கண்டுபிடிப்பு நல்லது என்று நீதிபதியிடம் காட்டினால் போதாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நல்லது என்பதை யாரும் மறுக்கவில்லையே! தோன்றக்கூடியது என்றல்லவா சொல்கிறார்கள்? அதற்கு விடை சொல்" என்றார். பின்னர் ஒரு தாளில் அவர் எழுதிக் காட்டியவற்றை என் சொற்களில் தருகிறேன்.

முதலாவது, ஆணையில் காரணம் இருக்கவேண்டும். அக்ரிபோர்டு இண்டர்நேஷனல் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2022-இல் இதைத் தெளிவாக்கியது. முன்பே அறியப்பட்டது எது, விண்ணப்பத்தில் சொல்லப்பட்டது எது, முன்னதிலிருந்து பின்னது துறை தேர்ந்தவருக்கு எவ்வாறு தோன்றியிருக்கும் என்னும் மூன்றையும் அதிகாரி ஆராய்ந்து எழுதவேண்டும். முடிவை மட்டும் எழுதினால் ஆணை நிற்காது.

இரண்டாவது, இரண்டு ஆவணங்களைச் சேர்க்கத் தூண்டியது எது என்று கேட்கவேண்டும். சேர்த்திருக்க முடியும் என்பது போதாது. சேர்த்திருப்பாரா என்பதே கேள்வி. முந்தைய ஆவணமே நம் வழிக்கு எதிர்த் திசையைக் காட்டியிருந்தால் அது நமக்குப் பெரிய துணை. எங்களுக்கு எதிராகக் காட்டப்பட்ட இரண்டாம் ஆவணத்தை அன்றுதான் முழுமையாகப் படித்தோம். 'சேர்க்கும் வரிசையால் வேறுபாடு இல்லை. எல்லாவற்றையும் ஒருங்கே இட்டுக் கலக்கலாம்' என்னும் கருத்து அதன் உள்ளேயே இருந்தது! விசாரணையின்போது அதை நாங்கள் எடுத்துச் சொல்லவில்லை.

மூன்றாவது, காலம் சாட்சி சொல்லும். ஏவரி டெனிசன் வழக்கு பிளாஸ்டிக் இணைப்பி ஒன்றில் செய்த சிறு மாற்றத்தைப் பற்றியது. அதிலும் தில்லி உயர் நீதிமன்றம் 2022-இல் மறுப்பாணையை ஏற்கவில்லை. மாற்றம் எளியது என்பதாலேயே அதைத் தள்ளிவிடலாகாது. முந்தைய ஆவணம் வெளியாகி நெடுங்காலம் சென்றும் யாருக்கும் தோன்றாதது எளிதில் தோன்றக்கூடியது அன்று என்று கருத இடமுண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நான்காவது, எதிர்பாராத விளைவு. வேதியியலில் இதுவே தலையாயது. ஆனால் அதை அருகிலிருக்கும் பழைய பொருளோடு ஒப்பிட்டுக் காட்டவேண்டும். இங்கேதான் எங்கள் தவறு வெளிப்பட்டது. நாங்கள் எங்கள் கலவையைத் தனிப் பாலிலாக்டிக் அமிலத்தோடு ஒப்பிட்டிருந்தோம். அதைவிட எங்களுடையது மேலானது என்பதில் என்ன வியப்பு? முதல் ஆவணத்தின் கலவையும் அதைவிட மேலானதுதானே! அதே பொருள்களை, அதே அளவில், ஒருங்கே இட்டுக் கலந்தால் என்ன ஆகும் என்பதல்லவா ஒப்பீடு? அது விண்ணப்பத்தில் இல்லை. அதிகாரியை நொந்து பயன் என்ன? அவர் கையில் நாங்கள் கொடுக்காததை அவர் எப்படிப் பார்ப்பார்?

அடித்துவிடப்பட்ட பக்கம்

அன்றிரவு மூத்த ஆய்வாளரும் நானும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினோம். விண்ணப்பம் அளிப்பதற்குப் பல மாதங்கள் முந்திய பக்கம் ஒன்றில் பெரிய பெருக்கல் குறி இருந்தது. எக்ஸ்ட்ரூடரின் பக்க ஊட்டி பழுதான நாள் அது. வேறு வழியின்றி அவர் எல்லாவற்றையும் ஒருங்கே இட்டு உருக்கியிருக்கிறார். பட்டை பழையபடி நொறுங்கிவிட்டது. 'வீண்' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் இட்டிருந்தார். நாங்கள் தேடிய ஒப்பீடு அதுதான்! இணைப்பான் அளவில் மிகுந்த பாலிலாக்டிக் அமிலத்தோடு பிணைந்தே தீர்ந்துபோய், இரண்டும் கூடும் எல்லைக்கு வந்து சேரவில்லை என்பதை அப்பக்கம் காட்டியது. வரிசைதான் எல்லாம் என்பதற்கு, வீண் என்று நாங்கள் தள்ளிய சோதனையே சான்றாக நின்றது.

அதை அப்படியே நீதிமன்றத்தில் வைத்து வெல்லலாம் என்று நான் துள்ளினேன். வழக்கறிஞர் தடுத்தார். மேல்முறையீட்டில் நீதிமன்றம் முதன்மையாகப் பார்ப்பது அதிகாரியின்முன் இருந்தவற்றையே; புதிய சான்றை அங்கே நுழைப்பது எளிதன்று என்றார். ஆகவே, காரணம் கூறாமை, இரண்டாம் ஆவணத்தின் எதிர்க்கருத்து ஆகிய இரண்டை மட்டும் சொல்லி மேல்முறையீடு செய்தோம். நீதிமன்றம் ஆணையை நீக்கி, வேறோர் அதிகாரி புதிதாக விசாரிக்கவேண்டும் என்று திருப்பி அனுப்பியது. காப்புரிமை கொடு என்று சொல்லவில்லை. ஆராய்ந்து சொல் என்றே சொல்லியது. புதிய விசாரணையில் குறிப்பேட்டுப் பக்கத்தையும், அச்சோதனையை மீண்டும் செய்து பெற்ற முடிவுகளையும் உறுதிமொழிப் பத்திரத்தோடு அளித்தோம். வரிசைமுறையும் அதனால் வரும் பயனும் விண்ணப்பத்தில் முன்பே சொல்லப்பட்டிருந்ததால் அவை எடுபட்டன. விண்ணப்பத்தில் தடமே இல்லாத பயனைப் பின்னால் ஒட்டவைக்க முயன்றிருந்தால் ஐயத்தோடுதான் நோக்கியிருப்பார்கள்.

அத்துடன் இன்னொன்றும் செய்தோம். கலவைக்கான முதல் கோரிக்கையைக் கைவிட்டோம். மூத்த ஆய்வாளர் முதலில் இசையவில்லை. "நேர்மையாகச் சொல்லுங்கள், முதல் ஆவணத்தைப் படித்தவருக்கு இக்கலவை தோன்றாதா?" என்று பேராசிரியர் கேட்டார். நெடுநேரம் கழித்து, "தோன்றும்" என்றார் அவர். முறைக்கான கோரிக்கைக்குக் காப்புரிமை கிடைத்தது. பேராசிரியரின் பழைய கேள்விக்கு விடையும் அதுவே: பாதி எங்களுக்கு நேர்ந்த வருத்தம், பாதிதான் அநீதி.

நண்பர்களுக்கு

ஆய்வு செய்யும் தோழர்கள் சிலவற்றை இன்றே பழக்கமாக்கிக்கொள்வது நலம். தோற்ற சோதனையையும் தேதியிட்டு, என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், அடிக்காதீர்கள். அருகிலுள்ள பழைய பொருள் எது என்று முதலில் தேடி, அதனோடு ஒப்பிட்டுச் சோதியுங்கள். கணக்கு எதிர்பார்க்கும் அளவையும் நீங்கள் கண்ட அளவையும் அருகருகே எழுதுங்கள். பெரிய கோரிக்கை வீழ்ந்தால் நிற்பதற்குச் சிறிய கோரிக்கைகளையும் வையுங்கள். கட்டுரை வெளியிடும் முன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கட்டுரையே உங்களுக்கு எதிரான ஆவணம் ஆகலாம். முதலில் தற்காலிக விவரக்குறிப்பை அளித்துப் பன்னிரண்டு மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. கல்வி நிலையங்களுக்கான கட்டணமும் 2021-இல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. ஆகவே செலவுக்கு அஞ்சவேண்டியதில்லை.

மறுப்பாணை வந்தால் உடனே கொதிக்கவேண்டா, தேதியைப் பாருங்கள், எதிராகக் காட்டப்பட்ட ஆவணங்களைக் கடைசி வரிவரை படியுங்கள். விடை தெரிந்தபின் எல்லாமே எளிதாகத் தோன்றும் என்பது மனித இயல்பு. அந்த இயல்போடு சொற்களால் மட்டும் வாதிட்டு வெல்லல் அரிது. விடை தெரியாதிருந்த நாளில் நாம் எழுதிவைத்த ஒரு பக்கம் இருந்தால், அது நமக்காகப் பேசும்.

அந்தக் குறிப்பேடு இன்றும் எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் இருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவருக்கு எந்திரத்தைக் காட்டும் முன் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறோம்.